வேன் வரவில்லை, வயல் இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் காலை ஐந்து மணி. இலங்கையில், மாத்தளை மாவட்டத்தில், ரத்தோட்டைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பதினோரு பேர் புதுத்துணி உடுத்திக்கொண்டு வேனுக்காகக் காத்திருந்தோம். புளிச்சோற்றை வாழையிலையில் கட்டி வைத்தாயிற்று. அவித்த முட்டை தனியாக ஒரு டப்பாவில். நுவரெலியாவுக்குப் போய்க் குளத்தைப் பார்த்து, படகில் ஏறி, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. எல்லா ஏற்பாட்டையும் செய்தது நான்தான்.

தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால், அவர்கள் திரும்பும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தை ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் சொன்ன மாதிரியே மனதில் தங்கிவிடும். அதனால்தான் என் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை என்னைப் பண்டிகைக்கு முந்தின ஒரு வாரமும் தூங்கவிடவில்லை.

அவள் என் கணவரின் தங்கை. கணவன் இறந்து மூன்று வருடம். ஏழு வயதில் ஒரு மகள். வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போவதற்கு எல்லாம் சரியாகி, பண்டிகை முடிந்து ஐந்தாம் நாள் விமானம். மகள் எங்களோடு இருப்பாள் என்று முடிவு. ஒரு நாள் சாயங்காலம் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, நான் போறதுக்கு முந்தி புள்ளையோட ஒரு நாள் எங்கயாச்சும் போய் நல்லா சிரிச்சிட்டு வரணும். இங்கேயே இருந்தா ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்து அழுதுகிட்டே இருக்கோம். ரெண்டு வருசத்துக்கு அவ மனசுல என் அழுத மூஞ்சிதான் நிக்கும்."

அந்த நிமிடமே நான் வேனுக்குச் சொல்லிவிட்டேன். கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துத் தம்பி ஒருவர் வேன் ஓட்டுகிறார். எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர்தான். திகதியைச் சொன்னேன். "ஹரி அக்கா" என்றார், சரி என்று. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஐந்து மணி ஆறானது. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஆறரை ஆனது. பெண்கள் பூவைத்த தலையோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், தேயிலைக்கு நடுவே இருக்கும் குறுக்குப் பாதையில் அந்த டிரைவர் தம்பி நடந்து வந்தார். வேன் இல்லை. கையில் ஒரு பெரிய தட்டு. அதன் மேல் வெள்ளைத் துணி.

"அக்கா, கோவிக்க வேணாம். அம்மா விடல்ல."

"என்னத்த விடல்ல?"

"வேலைக்குப் போற நெகத் இன்னும் வரல்ல. இன்னும் மூணு நாள் இருக்கு. ஹயர் போனா அது வேலைதானே? நான் மறந்துட்டேன். காலையில சாவிய எடுத்தேன், அம்மா புடுங்கிட்டாங்க. முன் சீட்ல ஏறி உக்காந்துட்டாங்க. சாவி அவங்க மடியில இருக்கு."

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, உயரமான ஆள், வாய் அதைவிட உயரம். அவர் விடவில்லை.

"அப்ப உங்கம்மாவையும் சேத்து ஓட்டிட்டு வந்திருக்கலாமே தம்பி! அவங்களும் குளத்தப் பாத்திருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெகத் என்றால் அவர்களுக்கு நல்ல நேரம். அடுப்பு மூட்ட ஒரு நேரம், முதல் வாய்ச் சோறு சாப்பிட ஒரு நேரம், தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு நேரம், புது வருடத்தில் முதன்முதலாக வேலைக்குக் கிளம்ப ஒரு நேரம். நாங்களும் தலையில் மூலிகை மருத்துநீர் வைக்கவும் பெரியவர்களிடம் கைவிசேஷக் காசு வாங்கவும் நேரம் பார்க்கிறவர்கள்தானே. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் நல்ல நேரம் பார்த்துத் திகதி குறித்த நான், அவர்கள் வீட்டுக் கலண்டரையும் பார்க்க வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. பக்கத்து ஊரில் இத்தனை வருடம் வாழ்ந்துகொண்டு செய்யக்கூடாத தவறு. வேறு வேன் தேடினோம். தமிழ் டிரைவர்மார் எல்லோரும் முன்பே ஹயர், அதாவது வாடகை ஓட்டம், எடுத்துப் போய்விட்டார்கள். பஸ்ஸோ பண்டிகை நாளில் கண்ணிலேயே படவில்லை.

நாத்தனாரின் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அத்த, குளம் எப்ப வரும்?"

தம்பி தட்டை என் கையில் கொடுத்தார். மொறுமொறுப்பான கொக்கிஸ், எண்ணெய்ப் பலகாரம், வாழைப்பழம். அவர் அம்மா சொல்லியனுப்பிய செய்தி ஒன்றும் இருந்தது. கீழே வயலில் இன்று புதுவருட விளையாட்டு. எல்லோரும் வர வேண்டுமாம். வராவிட்டால் அவரே மேலே ஏறி வந்து கூட்டிப்போவாராம்.

அந்த விளையாட்டின் ஒலிபெருக்கிச் சத்தம் வருடா வருடம் எங்கள் லயத்துக்குக் கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அரை மணி நேர நடை. ஒருமுறைகூடப் போனதில்லை. யாரும் வராதே என்று சொன்னதும் இல்லை. அது அவர்களுடையது என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அன்றும் என் வீட்டுக்காரர் அதையேதான் சொன்னார். "அவங்க விளையாட்டுல நாம போய் என்னத்த செய்றது?"

நாத்தனார்தான் பையைத் தூக்கினாள். "கட்டுன சோத்தயாச்சும் எங்கயாவது உக்காந்து சாப்பிடுவோம் அண்ணி." அவள் குரல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இறங்கினோம். மிளகுக் கொடி ஏறிய மரங்களைத் தாண்டினால் ஓடை, ஓடையைத் தாண்டினால் வயல். அறுவடை முடிந்த வயல். முந்தின நாள் பெய்த மழையில் ஒரு மூலை மட்டும் சேறாகக் கிடந்தது. வண்ணக் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு தொங்கும் மண்முட்டியை உடைக்கிறார்கள். இன்னொரு பக்கம் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து தலையணையால் அடித்துக்கொள்கிறார்கள். நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பெரிய ரபான் மேளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். குட்டையான உருவம், வெள்ளை முடி, பெரிய சிரிப்பு. டிரைவர் தம்பியின் அம்மா. மகனிடமிருந்து எல்லாம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். நேராக நாத்தனாரின் கையைப் பிடித்தார்.

"துவ, கோவிக்க வேணாம். நல்ல நேரம் இல்லாம சக்கரம் உருட்டினா எனக்குத் தூக்கம் வராது. மூணு நாள் பொறு, நானே வேன் தள்ளி விடுறேன்."

'துவ' என்றால் மகள். நாத்தனார் தலையாட்டினாள், சிரிக்கவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையும் உம்மென்று இருந்தது. நான் இரண்டு பேர் முகத்தையும் பார்ப்பேன், சூரியன் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். அவளுக்கு இருந்த ஒரே ஒரு நாள். அது என் கையில் கரைந்துகொண்டிருந்தது.

நடுவில் எங்கள் உயரமான அக்கா தென்னோலை பின்னும் போட்டியில் போய் உட்கார்ந்தார். தகரக் கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர் ஓலையை எங்கே கண்டார்? பின்னி முடித்ததைத் தூக்கிக் காட்டினால் அசல் காக்கைக் கூடு. ஊரே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். நாத்தனாரின் மகள் முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தாய் பார்க்கவில்லை.

பெண்களுக்கான கயிறிழுத்தல் வந்தது. அடுத்த ஊரிலிருந்து வர வேண்டிய அணி வரவில்லை. ஒலிபெருக்கி பிடித்தவர் என்ன செய்வது என்று கேட்க, டிரைவரின் அம்மா எங்கள் பக்கம் கையைக் காட்டிச் சிங்களத்தில் கத்தினார்: "வத்தே அக்கலா இன்னவா!" தோட்டத்து அக்காமார் இருக்கிறார்கள் என்று. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

எட்டுப் பேர் வேண்டும். என்னையும் சேர்த்து ஏழு பெண்கள் எழுந்தோம். எட்டாவது ஆள் மரத்தடியில் இருந்தாள்.

"வா புள்ள" என்றேன்.

"என்ன அண்ணி நீங்க! நாலு நாள்ல ஏறப் போறவ. கை கால் பெசகுனா என்ன ஆவுறது?"

அவள் சொன்னது நியாயம். ஆனால் அவள் மகள், எதிரணியில் கயிற்றைப் பிடித்து நின்ற டிரைவரின் அம்மாவைக் காட்டிக்கொண்டே மடியிலிருந்து இறங்கிவிட்டாள். "போம்மா. அந்த ஆச்சிய இழுத்துத் தள்ளு. அவங்கதானே வேன விடல்ல."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வந்தாள்.

முதல் முறை நாங்கள் இழுத்த இழுவையைச் சொல்ல வெட்கம். விசில் அடித்ததும் எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் இழுத்தோம். அவர்கள் ஒரே மூச்சில் எங்களை மாட்டை இழுப்பதுபோல இழுத்துப் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றோம். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். உயரமான அக்கா, "வாங்கடி, சோத்தயாவது சாப்பிடுவோம்" என்றார்.

நாத்தனார் கயிற்றை விடவில்லை. அவள் முகம் மாறியிருந்தது.

"நாம ஏன் அவங்கள மாதிரி இழுக்கிறோம்? நமக்கு இழுக்கத் தெரியாதுக்கா. நிக்கத் தெரியும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கூடையோட சரிவுல யாரு நிக்கிறா? செருப்பக் கழட்டுங்க. மலையில நிக்கிற மாதிரி பக்கவாட்டுல கால வச்சு நில்லுங்க. இழுக்க வேணாம். நான் சொன்னப்புறம் இழுங்க."

சரிவில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கீழ்க்காலைக் குறுக்கே வைத்து, விரலால் மண்ணைக் கவ்வி, உடம்பை மலைப் பக்கம் சாய்த்து நிற்பார்கள். மழை, காற்று, முதுகில் பாரம், எதற்கும் அந்தக் கால் நகராது. செருப்பெல்லாம் ஒரு மூலைக்குப் போனது. அவள் கடைசியாளாகப் போய் நின்றாள்.

விசில். அவர்கள் இழுத்தார்கள். கயிறு விறைத்தது, நாங்கள் நின்றோம். உண்மையைச் சொன்னால் என்னைத் தவிர மற்ற ஏழு பேரும் நின்றார்கள். மடுவத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் என் காலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் வழுக்கி வழுக்கி முன்னால் இருந்தவர் இடுப்பைத்தான் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "நில்லு... நில்லு... அப்படியே நில்லு..." எதிர்ப்பக்கம் முகங்கள் சிவந்தன. மூச்சு வாங்கினார்கள். ஒலிபெருக்கிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். அப்போது கத்தினாள்: "இப்ப இழுங்கடி!"

வந்தார்கள். மொத்தமாக வந்தார்கள்.

மூன்றாவது முறை வயல் முழுக்க எழுந்து நின்றது. பாதிப் பேர் அவர்கள் பக்கம், பாதிப் பேர் "வத்தே அக்கலா! வத்தே அக்கலா!" என்று எங்கள் பக்கம். எங்கள் டிரைவர் தம்பி தன் அம்மாவுக்கு எதிராக நின்று கத்திக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர்களும் சுலபத்தில் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கண்ணுக்குள் பூச்சி பறந்தது. திடீரென்று கயிறு இளகியது. நாங்கள் எட்டுப் பேரும் பின்னால் இருந்த சேற்றில் மல்லாக்க விழுந்தோம். டிரைவரின் அம்மா கயிற்றோடு சறுக்கி வந்து நாத்தனார் காலடியில் உட்கார்ந்தார்.

"மகள், வேன் விடாத கோவத்த எல்லாம் கயித்துல காட்டிட்டீங்க!"

அதற்கு என் நாத்தனார் சிரித்தாள். கன்னத்தில் சேறு, முடி அவிழ்ந்து, புதுச்சேலை போன இடம் தெரியாமல், வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவன் போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவள் மகள் ஓடி வந்து புதுச்சட்டையோடு அவள் மேல் விழுந்தாள். "எங்கம்மா! எங்கம்மா!" என்று சுற்றியிருந்தவர்களிடம் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினாள். என் வீட்டுக்காரர் இருந்தாரே, "அவங்க விளையாட்டு" என்றவர், அவர் தொண்டை கட்டி ஒரு வார்த்தையும் பேச முடியாமல் நின்றார். அத்தனை கத்தியிருக்கிறார்.

ஓடையில் சேற்றைக் கழுவிக்கொண்டு, அவர்கள் பாற்சோற்றையும் எங்கள் புளிச்சோற்றையும் ஒரே பாயில் வைத்துச் சாப்பிட்டோம். எங்கள் முட்டைக்கு அங்கே நல்ல கிராக்கி. பரிசாகக் கொடுத்த பிளாஸ்டிக் பேசினை நாத்தனாரின் மகள் யாரிடமும் தராமல் தலையில் கவிழ்த்துக்கொண்டே மலை ஏறினாள். அன்று முழுவதும் குளத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

நான்காம் நாள் நாத்தனார் போனாள். அழுகை இல்லாமல் இருக்குமா? இருந்தது. குழந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அம்மா வீடியோவில் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அங்க கயிறு இழுக்கிறாங்களா?" அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்யும், எங்கள் மாவட்டத்து நாவுலப் பக்கத்துச் சிங்களத் தங்கச்சி ஒருத்தியிடம் இந்தக் கதையை ஏற்கெனவே சொல்லியாயிற்றாம். அவள் நம்பவில்லையாம், சாட்சிக்கு மகளையே பேசச் சொன்னாள் நாத்தனார்.

போன வருடமும் போனோம், இந்த வருடமும் போவோம். போன தடவை விசில் அடிப்பதற்கு முன்னால் பார்த்தால், எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் குறுக்கே வைத்து நிற்கிறார்கள். எங்கள் நிலையை அப்படியே பிடித்துவிட்டார்கள். அன்று அவர்கள்தான் வென்றார்கள். தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேறு எப்போதும் வந்ததில்லை.

நாத்தனாரின் இரண்டு வருடம் முடியப் போகிறது. மகள் தாயின் அழுத முகத்தை மறந்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாராவது அம்மா எங்கே என்று கேட்டால், அவள் குவைத் என்று சொல்வதற்கு முன்னாலேயே கயிற்றின் கதையைத் தொடங்கிவிடுகிறாள் என்று டீச்சர் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து, நாள் முழுக்க மலையில் நிற்கும் எங்கள் பெண்களின் கால்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு பிள்ளைக்குத் தேவையான ஒரு நாளை இந்தக் கால்கள்தான் நழுவவிடாமல் பிடித்துக் கொடுத்தன என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.