மூன்று நாள் விசாவில் ஒரு மருமகள்

ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டதா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? சர்க்காரா, மாமியாரா?

சிரிக்காதீர்கள். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலையில், வெளிநாட்டவர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து, இந்தக் கேள்விக்கு நான் பதில் தேட வேண்டியிருந்தது. கேள்வியை உண்டாக்கியவளும் நானே என்பதுதான் வேதனை.

கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பின் மாடி வீட்டில் இருப்பவர் கோமதி பெரியம்மா. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து முப்பது வருடம் ஆகியும், பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. ஒரே மகன் சங்கரன், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். எட்டு மாதங்களுக்கு முன் மணிலா துறைமுகத்தில் அவனுக்கு வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. குடல்வாலை அங்கே விட்டுவிட்டு, தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ரோசாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான்.

இருவரும் கணவன் மனைவியாகக் கனடாவில் குடியேற மனுப் போட்டார்கள். பதில் வரும் வரை ரோசாவுக்கு வியன்னாவில் ஒரு ஆஸ்பத்திரி வேலை. சங்கரனுக்கு மறுபடியும் கடல். போகிற வழியில் கல்கத்தாவில் இறங்கினால் மாமியாரையும் பார்க்கலாம், கிடர்பூர் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் கணவனையும் பார்க்கலாம் — இது ரோசாவின் திட்டம். கையில் வழிப்பயண விசா. அடுத்த விமானத்துக்கான டிக்கெட்டைக் காட்டினால் மூன்றே நாள் தங்கலாம்.

பெரியம்மாவின் திட்டம் வேறு. அந்த மூன்று நாளுக்குள் ஒரு முகூர்த்தம் பார்த்து, தாலி கட்டிக் கல்யாணத்தை நடத்திவிடுவது.

"அதான் மணிலாவிலேயே ஆயிடுச்சே பெரியம்மா?" என்றேன்.

"அது சர்க்கார் கச்சேரில போட்ட கையெழுத்துட்டி. அதுக்குப் பேரு கல்யாணமா? ஒரு மேளம் உண்டா? ஒரு பாயசம் உண்டா?"

கொள்கையில் அவர் உறுதியானவர். திங்கட்கிழமை ரோசா வந்து இறங்கியபோது தமது வீட்டில் தங்க வைக்கவில்லை. தாலி ஏறாமல் மாப்பிள்ளை வீட்டில் பெண் எப்படித் தங்குவாள்? ஆகவே, சட்டப்படி மருமகளான பெண், கீழே எங்கள் வீட்டில் விருந்தாளி. மாடியிலிருந்து வேளைக்கு வேளை இட்லியும் அவியலும் இறங்கி வரும். ஆனால் அழைப்பு மட்டும், "அந்தப் பிள்ளை சாப்பிட்டுச்சா?" என்றுதான்.

அந்தப் பிள்ளையோ, தனக்கு இரண்டு முறை கல்யாணம் என்பதைக் கேட்டு மகிழ்ச்சியாகச் சிரித்தது.

கப்பல்தான் சிரிக்கவில்லை. ஹூக்ளி நதியின் முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு, உள்ளே வர இடம் கிடைக்காமல் நின்றுவிட்டது. வியாழன் காலைக்கு முன் கிடர்பூர் வராது என்று செவ்வாய் மாலை செய்தி வந்தது. ரோசாவின் விசாவும் விமானமும் வியாழன் நண்பகல். புதன்கிழமை முகூர்த்தம் கைநழுவிப் போயிற்று, அடுத்தது வெள்ளி. அடுத்த விமானம் சனி.

இரண்டு நாள் நீட்டிப்புக் கிடைக்காவிட்டால், மாதக்கணக்கில் பிரிந்திருந்தவர்கள் விமான நிலைய வாசலில் கையசைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தால்.

எங்கள் குடியிருப்பில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் பட்டதாரி, வங்கியில் வேலை, சமூகப் பணியில் ஆர்வமும் உண்டு. செவ்வாய் மாலை மின்சாரம் போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் ஓர் அழகான ஆங்கில மனு எழுதினேன். சாரம் இதுதான்: "மனுதாரரின் திருமணம் வரும் வெள்ளிக்கிழமை நடைபெற உள்ளது. ஆதலால் கருணை கூர்ந்து…"

கையெழுத்து இடத்தை விரலால் காட்டினேன். ரோசா படிக்காமலே போட்டாள். அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை!

மறுநாள் பெரியம்மா, ரோசா, நான் மூவருமாக அலுவலகம் போனோம்; மனுவின் மீது சீல் விழுந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த வங்காள அதிகாரி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு காகிதங்களை அருகருகே வைத்தார். ஒன்று ரோசா வந்திறங்கிய அன்று நிரப்பிய படிவம் — 'திருமணமானவர், கணவர் பெயர் சங்கரன்'. இன்னொன்று என் மனு — 'சங்கரனுடன் வெள்ளிக்கிழமை திருமணம்'.

"தீதி" என்று வங்காளத்தில் அக்கா போட்டுவிட்டு, "இதில் எது உண்மை?" என்றார் ஆங்கிலத்தில்.

இரண்டும் உண்மை என்று எப்படிச் சொல்வேன்?

அவர் கடுமையானவர் அல்லர். கனடா மனுவைப் பற்றியும் கேட்டறிந்து, பொறுமையாகவே விளக்கினார். வேறு நாட்டில் குடியேறக் காத்திருக்கும் தம்பதியருக்கு வழிப்பயண விசா என்றால் எந்த நாட்டு அதிகாரியும் இரண்டு முறை யோசிப்பார். கணவன் இந்த ஊர்க்காரன். வந்தவள் திரும்பிப் போவாளா என்ற ஐயம். அதன் மேல், திருமணம் ஆனதா என்பதிலேயே முரண்பாடு இருந்தால்? நாளை கனடாவிலிருந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

இரண்டு நாள் கேட்கப் போய், இருவரின் எதிர்காலத்தையே கெடுத்துவிட்டேனா?

"மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்."

"சீல் விழுந்த காகிதம். கிழிக்க முடியாது."

அப்போது பெரியம்மா எழுந்தார். லேக் மார்க்கெட்டில் மீன்காரியிடமும் கீரைக்காரனிடமும் பழகிய வங்காளத்தில் ஆரம்பித்தார். சர்க்கார் கல்யாணம் வேறு, வீட்டுக் கல்யாணம் வேறு, இது தெரியாதா உங்களுக்கு, என்பது அதன் பொருள்.

அதிகாரி சிரித்துவிட்டார்; வங்காளத்தில் அவரும் பெரியம்மா என்றே அழைத்தார். "தெரியும் மாஷிமா. என் தம்பி ரெஜிஸ்ட்ரி செய்து நாலு மாதம் கழித்துத்தான் மாலை மாற்றினான். அதுவரை என் அம்மா மருமகளை வீட்டுப் படியேற விடவில்லை. எனக்குப் புரிகிறது. இந்தக் கோப்புக்குப் புரிய வேண்டுமே?"

வழியையும் அவரே சொன்னார். பையனின் தாய் கையெழுத்திட்டு ஒரு கடிதம் தரட்டும்: என் மகனுக்கும் இந்தப் பெண்ணுக்கும் மணிலாவில் திருமணம் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை நடப்பது குடும்ப வைபவம் மட்டுமே.

பெரியம்மாவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பித் தமிழில், "அப்படி எழுதிக் குடுத்தா, வெள்ளிக்கிழமை நான் பண்ணப் போறது என்னட்டி? வெறும் விருந்தா? எட்டு மாசமா அத்தனை பேர்ட்டயும் கல்யாணம் இனிமேதான்னு சொல்லிட்டுத் திரியுதேன்…" என்றார்.

ரோசா என் கையைப் பிடித்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். என் மனுவில் இருந்ததையும் சொன்னேன் — தாமதமாக.

அவள் கோபப்படவில்லை. சற்று யோசித்து, "அம்மா அதை எழுத வேண்டாம், அக்கா. எங்கள் கல்யாணத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை, எப்படி எழுதுவார்? நாளைக்கே நான் போய்விடுகிறேன்" என்றாள்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?"

மொழிபெயர்த்தேன். பெரியம்மா ரோசாவின் பக்கம் திரும்பி, அவள் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேனாவைக் குடு."

கடிதத்தை ஆங்கிலத்தில் நான் எழுதினேன்; அதை வரிக்கு வரி தமிழில் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு, கோமதி என்று தமிழில் கையெழுத்திட்டார். அதிகாரி சனிக்கிழமை வரை நாள் கொடுத்தார்.

"எந்திரிட்டி மருமவளே, காலைல ஒரு இட்லி தின்னது. மூஞ்சியப் பாரு, வாடிப் போச்சு!"

மருமகள். அந்த ஒரு சொல் ரோசாவுக்கு நான் மொழிபெயர்க்காமலே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா நேரே எங்கள் அறைக்குள் நுழைந்து, ரோசாவின் பெட்டியைத் தூக்கினார்.

"இன்னும் தாலி ஏறலையே பெரியம்மா?"

"எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேம்லா? என் மருமவ எதுக்கு உங்க வீட்ல இருக்கணும்?"

வியாழன் காலை கப்பல் கிடர்பூரை அடைந்தது. மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களை எல்லாம் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் வந்த சங்கரன், மனைவியைத் தேடி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். மாடியைக் காட்டினேன். அவனால் நம்பவே முடியவில்லை. வெள்ளிக்கிழமை மேளமும் இருந்தது, பாயசமும் இருந்தது. சனிக்கிழமை ரோசா சொன்னபடி விமானம் ஏறினாள் — கழுத்தில் தாலியுடன். கனடாவிலிருந்து இன்னும் பதில் இல்லை. பெரியம்மா தினமும் என்னிடம் தபால் வந்ததா என்று கேட்கிறார்.

நான் இப்போதும் மனு எழுதுகிறேன். ஆனால் எழுதியதைக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அவர் மொழியில் முழுதும் படித்துக் காட்டாமல் பேனாவை நீட்டுவதில்லை.