பதினோராம் முறை

நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சுப்பையாவைத்தான் கூப்பிடுவார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பாடுவான். தன் பிள்ளைகள் இரண்டையும் லயத்து வரிசை வீடுகளில் பரவிய காய்ச்சல் கொண்டுபோனபோதும் அவனேதான் பாடினான். அந்தக் குரலை எடுத்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது பால் வாளியும் மரம் சீவும் கத்தியும்தான்.

1932 தைப்பூசத்துக்கு மறுவாரம், காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்து முடித்த கங்காணி நல்லமுத்து அவனை மட்டும் நிறுத்தினார்.

"டேய் சுப்பையா, பினாங்குல நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருக்கு. முதலாளிகிட்ட உன் தொண்டையைப் பத்திச் சொல்லிட்டேன். சனிக்கிழமை வந்து ஒரு பாட்டுப் பாடு. சபைக்குப் புடிச்சா உன்னைச் சேத்துக்குவாரு. அப்புறம் நீ எங்க, நாங்க எங்க!"

"சபைக்குப் புடிச்சுதுன்னு எப்படிங்கய்யா தெரியும்?"

"ஒன்ஸ்மோர்னு கத்துவாங்க. கத்துனா திருப்பிப் பாடணும். மாட்டேன்னு நின்னா சபையை அவமதிச்ச மாதிரி. அப்புறம் எந்த மேடையும் ஏற முடியாது."

வீட்டில் மனைவி வடிவம்மாள் நாலு மாதக் கர்ப்பம். "இதாவது டவுன்ல பொறக்கட்டும்ங்க" என்றாள்.

பிறை ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து பினாங்குக்கு ஃபெரி. கரை இறங்கியவனுக்குக் காது கொள்ளவில்லை. ஒரு பக்கம் சீனக் கூத்தின் தாளம், ஒரு பக்கம் மலாய் நாடகக் கொட்டகையின் பிடில், கடைக்குக் கடை கிராமபோன். ஒரு ஊர் முழுக்க யாரும் சாகாமலே பாட்டுக் கேட்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டான்.

இரண்டு காட்சிகளுக்கு நடுவே, திரைக்கு முன்னால் அவனை நிறுத்தினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் கங்காணியும் அவருடைய டவுன் கூட்டாளிகளும். அவனுக்கு நன்றாகத் தெரிந்தது சாவுப் பாட்டு ஒன்றுதான். சாவில்லாத இடத்தில் அதைப் பாடக் கூடாது என்பது லயத்து வழக்கம். ஆனால் நல்லதைத்தானே சபைக்குக் கொடுக்க வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

பாடி முடித்தான். பின்வரிசையில் ஒரு ரிக்‌ஷாக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஒன்ஸ்மோர்!" என்றார் கங்காணி.

சுப்பையாவுக்குப் புல்லரித்தது. பாடினான். மறுபடி ஒன்ஸ்மோர். நாலாவது முறை ஆர்மோனியக்காரர் சுருதியை அரைக்கட்டை ஏற்றிப் பிடித்தார். திரும்பிப் பார்த்தான். அவர் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறாவது முறை இன்னும் அரைக்கட்டை.

"போதும், விடுங்கப்பா, பாவம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீ சும்மா இருலா! காசு குடுத்து வந்திருக்கோம்" என்றது முன்வரிசை.

எட்டாவது முறை முடிந்தபோது கங்காணி எட்டு விரல்களைத் தூக்கிக் கூட்டாளிகளுக்குக் காட்டினார். சுப்பையா அதைப் பார்த்தான். பார்த்துவிட்டும் பாடினான். மாட்டேன் என்றால் மேடை போய்விடுமே. பதினோராவது முறை மேல்கட்டையில் வாயைத் திறந்தபோது நாக்கில் இரத்தம் உப்புக் கரித்தது. காற்றுதான் வந்தது. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள்.

உள்ளே முதலாளி அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இவன் இன்னும் போகலையா? திரை மாத்துற வரைக்கும் ஒரு கோமாளி கேட்டேன், நல்லமுத்து அனுப்பிச்சாரு. நல்ல கோமாளிதான்."

அவன் ஃபெரிக்கு நடந்த வழியெல்லாம் கிராமபோன்கள் பாடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தொண்டை கம்மவே இல்லை.

குழந்தை லயத்தில்தான் பிறந்தது. பெண். பத்தொன்பது நாள் இருந்தது. தலைமாட்டில் சுப்பையா உட்கார்ந்து வாயைத் திறந்தான். தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஏதோ வந்தது. வடிவம்மாள் அவன் வாயைக் கையால் மூடினாள். "சாவில்லாத ஊர்ல பதினோரு தடவை பாடிட்டு வந்தானே, பின்னே என்ன ஆகும்?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்று சொன்னாள்.

மறுநாள் காலைப் பெரட்டு. பதில் சொல்லாதவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது.

"சுப்பையா!"

"இருக்கேங்க."

காதில் விழாத குரல். கங்காணி பென்சிலை நிறுத்தினார். வரிசையைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஒன்ஸ்மோர்!"

வரிசை சிரித்தது. வடிவம்மாளும் அந்த வரிசையில்தான் வாளியோடு நின்றாள்.

"இருக்கேங்க" என்றான் சுப்பையா.