சீட்டில் விழுந்த சுழி

ஊறிய வைக்கோலும் எருமைச் சாணமும் கலந்த நெடிதான் எங்கள் தெருவின் அடையாளம். சிங்கப்பூரின் தேக்காவில் எந்த மூலையிலிருந்து கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து விட்டாலும் மூக்கு வீட்டைக் கண்டுபிடித்துவிடும். இன்று அந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மல்லிகைப்பூ, சாம்பிராணி என்று உருகுகிறார்கள். எனக்கு உருக வரவில்லை. அந்தத் தெருவில்தான் பிறந்தேன், அந்தத் தெருவை வெறுக்கிறேன், இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து, ஊருக்குச் 'சியோனான்' என்று பெயர் மாற்றிய பிறகு எங்கள் தெருவுக்கும் ஒரு தலைவர் வேண்டுமென்றான். அரிசிச் சீட்டு அந்தத் தலைவர் கையால்தான் வரும். வேலைக்கு ஆள் கேட்டால் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். எங்கள் தெருவிலோ வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இரண்டு கட்சி. மாடு வைத்துப் பால் கறந்தவர்கள் 'கொட்டகைக்காரங்க', மற்றவர்கள் 'கடைக்காரங்க'. கல்யாணத்தில் முதல் பந்தியில் யார் உட்காருவது என்பதற்கே மண்டை உடையும். பெரியதனம் எப்போதும் கொட்டகைப் பக்கமே இருந்ததால், ஜப்பான்காரனும் வந்த புதிதில் பால்காரர் மாரியப்பனையே தலைவராக்கினான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று கேட்டு வரும்போதெல்லாம் மாரியப்பன் இடுப்பு வளையக் குனிந்து, பாதித் தெருவுக்குக் காய்ச்சல், மீதிக்கு வயிற்றுப்போக்கு என்று ஏதாவது சொல்லி, இரண்டு கன்னத்திலும் அறை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒரு பெயரும் அவர் கொடுத்ததில்லை. அதற்காகத் தெரு அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்க வேண்டும்; அரிசி குறைந்ததற்கு அவருடைய துப்புக்கெட்டத்தனம்தான் காரணம் என்று பேசியது. மளிகைக்கடை சோலைமலை தாம் தலைவரானால் அரிசி கூடும் என்று வீடு வீடாகச் சொல்லிவந்தார். ஆள் அனுப்புவதாக அவர் அதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருந்ததும் ஊரறிந்த ரகசியம். போகப்போவது அடுத்த வீட்டுக்காரன் என்று ஒவ்வொரு வீடும் நம்பியது.

சண்டை முற்றியதைப் பார்த்த அதிகாரி, நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லிவிட்டுப் போனான். வீட்டுக்கு ஒரு சீட்டு. வட்டம் போட்டால் மாரியப்பன், பெருக்கல் குறி போட்டால் சோலைமலை. எழுதத் தெரியாதவனும் போடலாம், யார் போட்டதென்று தெரியவும் தெரியாது. அப்படித்தான் சொன்னார்கள்.

என் அப்பாவை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, 'எழுத்துக்காரர்' என்பார்கள். ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பு, கடை வாசல்களை ஒட்டிய 'அஞ்சடி' நடைபாதையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, தெருவிலிருந்த அத்தனை பேருக்கும் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர். தாளை எடுத்ததும் உச்சியில் பிள்ளையார் சுழி விழும். வாலை நீட்டி, கீழே இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். எழுத்து தெரியாதவர்களுக்கும் அந்தச் சுழி தெரியும், கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கடிதத்தை வாங்குவார்கள். கப்பல் நின்று தபாலும் நின்ற பிறகு அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். தோள் தேய்ந்ததே தவிர அந்த வேலை அவருக்கு வரவில்லை.

சோலைமலை எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா கைகூப்பி, ஓட்டு அவருக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அம்மாவிடம் தாழ்ந்த குரலில், அறை வாங்கிய மனிதனை எப்படிக் கைவிடுவது என்று கேட்டார். "எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஊரோட ஒத்துப் போங்க" என்றாள் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. சயாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்பது தெரியும்.

கொட்டகை முற்றத்தில், வெயில் சாயும் நேரத்தில், பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து எண்ணினார்கள். நியாயமாக நடக்கட்டும் என்று இரண்டு வேட்பாளர்களையும் முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு சீட்டாக எடுத்துத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். பெருக்கல், பெருக்கல், பெருக்கல். மாரியப்பனின் சொந்தப் பங்காளிகளே அவருக்குப் போடவில்லை என்பது பாதியிலேயே புரிந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போயிருந்தது. அப்போது அவர் கையில் ஒரு வட்டம் வந்தது. அதன் தலைக்கு மேல் வால் நீண்ட சுழி, இரண்டு கோடு, ஒரு புள்ளி.

அந்த மனிதருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சந்தோஷம் வந்ததோ, சீட்டை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, "இது நம்ம எழுத்துக்காரர் சுழியில்ல? எனக்குப் போட்டிருக்காருய்யா" என்றார். ஊரே கைவிட்டபோது ஒருவன் தன்னைக் கைவிடவில்லை என்ற நிறைவு அது, எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

சோலைமலை கோபப்படவில்லை. "நல்லாப் பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டு, சீட்டை வாங்கி, தாமும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தார். கூட்டம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அப்பா தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கை தானாப் போட்டுருச்சு" என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் பொதுக் குழாயில் எங்கள் வாளியைக் காலால் தள்ளினார்கள். முன்பு கடிதம் எழுதித் தரச் சொல்லி, கண்ணீர் விட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்களே, அவர்களேதான். ஒரே வாரத்தில் அதிகாரி ஆள் கேட்டான். புதுத் தலைவர் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் அப்பாவுடையது. அம்மா முப்பது வீட்டுக் கதவையும் தட்டினாள். எழுத்துக்காரர் மூட்டை தூக்கவே லாயக்கில்லாதவர், மலையை எப்படி உடைப்பார் என்று சோலைமலையிடம் ஒருவர் சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். ஒருவர்கூட வரவில்லை. சொன்னபடி அரிசி கூடியிருந்தது, எல்லார் வாயும் அதில் அடைபட்டிருந்தது. அப்பா லாரியில் ஏறியபோது எங்களைத் தவிர மாரியப்பன் மட்டும் நின்றார்.

அடுத்த நாள் அவர் ஒரு செம்பு பாலோடு எங்கள் வாசலுக்கு வந்தார். மரவள்ளிக்கிழங்கிலேயே வளர்ந்த தம்பி ஓடிப்போய்ச் செம்பைப் பிடித்துக்கொண்டான். அம்மா அதைப் பிடுங்கி, அவர் கண்ணெதிரே சாக்கடையில் ஊற்றினாள்.

"அந்தச் சோலைமலை கெடுக்கத்தான் வந்தான். நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதாண்ணே?"

அவர் காலிச் செம்பை வாங்கிக்கொண்டு போனார். தம்பி சாக்கடை ஓரம் உட்கார்ந்து அழுதான். பல வருடங்கள் நான் அம்மாவையும் சேர்த்தே வெறுத்தேன், அந்தப் பாலுக்காக.

சண்டை முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை; எந்த முகாம், எந்த நோய் என்று சொல்லவும் ஆளில்லை. சோலைமலை மறுபடியும் கடையைத் திறந்தார், மாலை மரியாதையோடு வாழ்ந்து மூப்பில் இறந்தார். தெரு முழுவதும் திரண்டு போனது. நாங்கள் போகவில்லை.

இப்போது அங்கே கொட்டகையும் இல்லை, கட்சியும் இல்லை. முற்றம் இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள், வெளியூர்க்காரர்கள் சுவரைப் படமெடுக்கிறார்கள். நான் ஈசூன் அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருக்கிறேன். போன மாதம் பேத்தி பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கென்று, "பாட்டி, உங்க அப்பா ஹேண்ட்ரைட்டிங் ஏதாச்சும் இருக்கா? ஒண்ணே ஒண்ணு போதும் லா" என்று கேட்டாள்.

இல்லை. கூடவே இருந்தவர் எங்களுக்கு எதற்குக் கடிதம் எழுதப்போகிறார்? சயாமிலிருந்து எழுத அவரை யாரும் விடவுமில்லை. தமிழ்நாட்டில் யார் யார் வீட்டுப் பெட்டியிலோ அவர் எழுத்து இருக்கலாம், எல்லாம் அடுத்தவர்களுடைய நலமும் அடுத்தவர்களுடைய ஏக்கமும். தம் மனதிலிருந்ததை அவர் தாளில் வைத்தது ஒரே ஒரு தடவைதான், அந்தச் சீட்டுகளை எண்ணி முடித்ததும் முற்றத்திலேயே கொளுத்திவிட்டார்கள்.