இரண்டு பக்கத்து ரத்தம்

அக்காவின் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த டாக்டரம்மா, பாதரசம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, அதை அவிழ்த்து வலது கையில் கட்டினார். எண்பதுகளின் தொடக்கத்தில், தருமபுரி ஆஸ்பத்திரியில் ஒரு முற்பகல். தலைவலி என்று போனவள் நான். அப்பா இறந்த விதத்தைக் கேட்ட பிறகு, துணைக்கு வந்த அக்காவையும் "நீயும் உக்காரும்மா" என்று உட்காரவைத்திருந்தார். எனக்கு ஒன்றுமில்லை. ஒல்லியாக, ஓட்டமும் நடையுமாக இருந்த அக்காவுக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

அப்பா புளி வியாபாரி. ஒகேனக்கல் பக்கம் கன்னடம் பேசுகிற குடும்பம். சரக்கு வாங்கச் சித்தேரி மலைக்கு ஏறிப்போனவர், அங்கே சாமைக்காட்டில் பார்த்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பக்கத்து ஊரும் அவர்களைச் சேர்க்கவில்லை. சொந்தம் என்று ஒருவரும் இல்லாத பாப்பிரெட்டிப்பட்டித் தெரு ஒன்றில் நாங்கள் பிறந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தைய வருடம், பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த அப்பா வாய் கோணி விழுந்தார். மறுநாள் போய்விட்டார். சாவுக்கு வந்த அவருடைய அக்கா, எங்கள் அத்தை, அத்தனை பேர் நடுவில் அம்மாவைக் காட்டிச் சொன்னார்: "மலைக்காரி ரத்தத்தக் கொண்டாந்து எங்க வம்சத்துல கலந்தான். ஒடம்பு தாங்கல, போயிட்டான்." அம்மா அதை நம்பிவிட்டாள். அதன்பிறகு எங்களுக்குச் சோறு போடும்போதுகூடத் தப்பு செய்தவள் போல ஒதுங்கி நிற்பாள்.

அக்காவின் மனதில் அந்தப் பேச்சு முள்ளாக இருந்திருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டை வாங்கியதும், அப்பா அம்மா கதையைச் சொல்லி அவள் கேட்டது ஒன்றுதான். "இது அப்பா வழியில வந்துச்சுங்களா, அம்மா வழியிலயா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "குடும்பத்துல வரும்னு தெரியும்மா. எப்படி வருதுன்னு முழுசாத் தெரியாது. நாங்க படிச்சதெல்லாம் வெள்ளக்காரங்க ஒடம்பப் பாத்து எழுதுனது. உங்கள மாதிரி ரெண்டு சனம் கலந்த குடும்பத்த யாரும் பாத்ததில்ல. நீயே ரெண்டு பக்கமும் விசாரிச்சுப் பாரேன்."

அக்கா தருமபுரி டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தாள். லீவு போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு முதலில் அத்தை ஊருக்குப் போனாள். அத்தை எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே, தாத்தா எப்படிச் செத்தார் என்று அக்கா கேட்டாள். "காத்து அடிச்சுது. ஏர் ஓட்டிக்கிட்டே வாய் கோணிச் சாஞ்சிட்டாரு" என்றார் அத்தை. பெரியப்பா? "அவருக்கும் ஒரு பக்கம் வெளங்காமப் போச்சு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தன் பின்னந்தலையைத் தடவிக்கொண்டார். அக்கா விடவில்லை. "உங்களுக்கும் தலை வலிக்குதுங்களா அத்தை?"

பிறகு சித்தேரிக்கு ஏறினோம். அம்மாவின் அண்ணன் ஊருக்கு வெளியே, காட்டு ஓரத்தில் வந்து பேசினார். "எங்கம்மாவும் அடுப்பு முன்னாடி அப்படித்தான் விழுந்துச்சு. பேச்சு வரல. கடைசி வரைக்கும் உங்கம்மா போன பாதையத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. சொல்லி அனுப்ப ஊரு விடல."

அன்று சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். "ரெண்டு பக்கமும் இருக்குதும்மா. நீ கொண்டாந்து யாரையும் கெடுக்கல." தன் தாய் இறந்த விதமே அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. வெகுநேரம் அழுதாள். அது தாய்க்கான அழுகையா, அப்பாவுக்கானதா, இறங்கிய பாரத்துக்கானதா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அத்தையை அக்காவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அவருக்கு அக்காவைவிட அதிகமாக இருந்தது. இருவரும் ஒரே மாத்திரையைத் தின்னத் தொடங்கினார்கள்.

அக்காவைப் பெண் கேட்டவர் அதே டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவர். அவள் எதையும் மறைக்கவில்லை. "எங்க வூட்டுல பிரஷர் இருக்குதுங்க." அவர் சிரித்தார். "எங்க வூட்டுல சக்கர இருக்குதுங்க." கல்யாணம் ஆயிற்று. குழந்தை உண்டானபோது டாக்டரம்மா பயந்தார். மாத்திரையை மாற்றினார், அடிக்கடி வரச்சொன்னார். அக்கா ஒருமுறைகூடத் தவறவில்லை. அப்படியும் எட்டாம் மாதம் கால் வீங்கி, வலிப்பு வந்தது. ஆபரேஷன் செய்து குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். அக்கா கண் திறக்கவில்லை.

சாவுக்கு அத்தை வந்தார். அவர் வாயைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகப் போய் அம்மாவின் அருகில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம ரத்தமே நம்ம புள்ளயத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார். அம்மாவையும் சேர்த்து அவர் 'நம்ம' என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதைக் கேட்க அக்கா இல்லை.

அந்தப் பெண் குழந்தையை நான் வளர்த்தேன். அவளுக்கும் ரத்தக்கொதிப்பு இருக்கிறது. சின்ன வயதிலேயே பார்த்துப் பிடித்துவிட்டோம். தினமும் மாத்திரை போடுகிறாள். இப்போது தருமபுரியிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன மாதம் அவளோடு அங்கே போனபோது ஓர் இளம் டாக்டர் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டு, "உங்கள மாதிரி கலந்த குடும்பங்கள இன்னமும் சரியா ஆராய்ச்சி பண்ணலீங்கம்மா" என்றார். அக்கா எழுப்பிய கேள்வி இத்தனை காலம் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது.

நான் வளர்த்த மகளுக்கு அச்சு அசல் அக்காவின் முகம். காதோரம் நரைக்க ஆரம்பித்திருக்கிறது. நரைத்திருந்தால் அக்கா எப்படி இருந்திருப்பாள் என்பதை அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.