பொட்டு வைத்த கணினிகள்

என் அம்மா பயந்தது இரண்டுக்குத்தான். ஒன்று மூன்றாம் லயத்து வீட்டு வரிசையில் திரிந்த காளை, மற்றது சரஸ்வதி. காளையைக் கண்டால் ஓடிவிடலாம். சரஸ்வதியிடம் அது நடக்காது. பூசையன்று புத்தகத்தைத் தொட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்பது அம்மாவின் கட்சி. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவருக்கு இது எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. வருடத்தில் அந்த ஒரு நாளாவது படிப்பிலிருந்து தப்பிக்கிறேனே!

எனக்குப் பதினொரு வயதானபோது, மம்பாவ் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அரசாங்கம் ஆறு கணினிகள் கொடுத்தது. அவற்றுக்கென்று தனி அறை, அந்த அறைக்குக் குளிர்சாதனம் வேறு. லயத்தில் மனிதர்களுக்கே இல்லாத வசதி. பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் சொன்னார்:

"இது யாரும் போட்ட பிச்சை இல்ல. நாட்டுப் பணம். உங்க வேர்வையும் இதுல இருக்கு."

பால்மரம் வெட்டிப் பிழைத்த அம்மாவுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் பதிந்துவிட்டது. லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

சரஸ்வதி பூசை வந்தது. தன் வேர்வை கலந்த பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விடுவாரா? மற்றப் பெண்களோடு வந்து, ஆறு கணினிகளுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை என்று அமர்க்களப்படுத்தினார். கணினிக்கு நெற்றி எது என்பதில் மட்டும் சற்றுக் குழம்பினார். கற்பூரம் காட்டியாயிற்று. இனி மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். மலாய்க்காரப் பெண்மணி, தன்மையாகப் பேசுபவர். கணினிகள் மாலையோடு இருண்டு கிடக்க, நாங்கள் வெளியே பந்து உதைத்துக்கொண்டிருந்தோம். இவற்றைக் கேட்டு எத்தனையோ பள்ளிகள் காத்திருக்கின்றன, பயன்படுத்தாவிட்டால் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். தலைமையாசிரியர் பூசை விவரத்தை விளக்கினார். அதிகாரியும் தலையசைத்துக் கேட்டார். ஆனால் அறிக்கையை அன்றே எழுதியாக வேண்டும். ஒரு பிள்ளை இயக்கிக் காட்டினால் போதும் என்றார்.

யாரும் அசையவில்லை. தலைமையாசிரியரே அசையவில்லை.

அம்மா சுண்டல் தட்டைக் கீழே வைத்தார்.

"வாடா இங்க."

"இன்னைக்குத் தொடக்கூடாதும்மா. எல்லாம் மறந்து போயிரும்."

"தொடு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருங்க லா, ஐயா! பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா அப்பறம் பூச யாருக்கு?"

மாலையை அம்மாவே கழற்றினார். நான் கணினியை முடுக்கி, பள்ளியின் பெயரைத் தட்டச்சு செய்து, அச்செடுத்துக் கொடுத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அதிகாரி சிரித்தபடி எழுதிக்கொண்டார், சுண்டலும் சாப்பிட்டார். கணினிகள் எங்களோடு தங்கின. மறுவருடம் இன்னும் நான்கு வந்தன.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. அந்தக் கணினி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள் அம்பாங்கானில் மருந்துக்கடை வைத்து மூன்று பேருக்கு வேலை கொடுத்திருக்கிறாள். நான் செண்டாயான் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கணினி வழி இயக்குகிறேன். என் சம்பளத்தில் வரி பிடிக்கும்போது எல்லாரையும் போல முனகுவேன். பிறகு அந்த அறை நினைவுக்கு வந்துவிடும். ஆறு கணினிகளை எங்கள் காட்டுக்குள் அனுப்பலாம் என்று நினைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அந்தப் பூசையன்று மாலை அம்மா தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு கோயிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"பய மேல குத்தமில்ல, தாயே. நாந்தான் தொடச் சொன்னேன். அவன் படிப்ப எடுத்துறாத. எடுக்கணும்னா எங்கிட்டருந்து எடுத்துக்க."

கைநாட்டு வைக்கும் அம்மாவிடம் சரஸ்வதி எதை எடுப்பாள்? எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அம்மா என்னை நிறுத்தி, ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். குறும்பாக, நடுவில் இரண்டு வரிகளை விழுங்கிவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் அப்படியே இருக்குடா" என்று சொல்லி, நடுத்தெருவில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு வாய்ப்பாட்டுக்கா இவ்வளவு அழுகை என்று நினைத்துக்கொண்டேன்.