அன்வர் பாய் பலப்படுத்திய சைக்கிள்

சாய்ந்து படுத்தபடி ஓட்டும் சைக்கிள் ஒன்றை, இணையத்தில் கிடைத்த வரைபடத்தைப் பார்த்து எட்டு மாதமாக வீட்டிலேயே கட்டினேன். தெர்மாகோல் மேல் கார்பன் ஃபைபர் துணி சுற்றி, கிராம் கிராமாக எடையைக் குறைத்திருந்தேன்.

போன வாரம் சீட்டுக்கு அடியில் ஒரு விரிசல். பரங்கிப்பேட்டையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டும் அன்வர் பாயிடம் விட்டு வந்தேன்.

இன்று போய் ஒரு கையால் தூக்கினேன். அசையவில்லை.

"என்ன பாய், இவ்ளோ கனம்?"

"விரிசல மட்டும்தான் ஒட்டச் சொன்னீங்க. எனக்கு மனசு கேக்கல தம்பி. லாரி ஜாஸ்தியா போற ரோட்டுல படுத்துக்கிட்டுப் போறீங்க. கடலுக்குப் போறவங்களுக்குப் போடுற மாதிரி முழுசுக்கும் மூணு லேயரு போட்டுட்டேன்."

இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன்.

"உள்ள தெர்மாகோல் இருக்குல்ல? தண்ணியில போட்டாலும் மெதக்கும்" என்றார், பெருமையாக.

சிதம்பரம் வந்து சேர்வதற்குள் கால் கழன்றுவிட்டது. என் பழைய இரும்பு சைக்கிளே இதைவிட லேசு.

ஆனால் ஐப்பசி மழை வெள்ளத்தில் கடலூர்க்காரர்கள் யாராவது மாட்டிக்கொண்டால் சொல்லுங்கள், வருகிறேன். இருப்பது ஒரே சீட். கமெண்டில் முந்துபவருக்கு அது. நான் பிடித்துக்கொண்டு நீந்துகிறேன்.