போரூர் சிக்னலில் ஒரு பத்தி

அனுசுயா கதை எழுதுவது பஸ்ஸில் மட்டும்தான். காலை ஏழேகாலுக்கு ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து பஸ் காலியாகக் கிளம்பும்; ஜன்னலோரம் இடம் கிடைக்கும். உட்கார்ந்து போனில் தட்டத் தொடங்கினால் அண்ணா சாலை அலுவலகம் வரை தட்டுவாள். மெட்ரோ வேலையால் போரூர் சிக்னலில் பஸ் நின்றுவிட்டால் எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். இவள் சத்தமில்லாமல் ஒரு பத்தியை முடித்துவிடுவாள்.

மற்ற நேரம் ஏது? மாடியில் கத்திரிச் செடிகள், சனிக்கிழமை கீபோர்டு வகுப்பு, குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதவி, அதற்கும் மேல் ஆரி எம்பிராய்டரி. 'முடியாது' என்று சொல்ல நாங்கள் சேர்ந்து படித்த ஆவடிப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கற்றுத்தந்தார்கள். அவளுக்கு ஒன்றிலும் வரவில்லை.

எழுதிய பத்தியை அன்றன்றே டொராண்டோவில் இருக்கும் எனக்கு அனுப்புவாள். ஜூனில் பதினெட்டு நாள் ஒன்றும் வரவில்லை. விபத்து, ஆஸ்பத்திரி, விவாகரத்து என்று வரிசையாகக் கற்பனை செய்துவிட்டுப் போன் போட்டேன்.

"ஒர்க் ஃப்ரம் ஹோம் குட்துட்டாங்கடி," என்றாள், சாவுச் செய்தி சொல்வதுபோல. "மாசக் கடைசில கதப் போட்டிக்கு அனுப்பணும், பாதி கூட தாண்டல. ஊட்லதான கீறேன்னு பில்டிங் பூரா கொரியர என் தலைல கட்றாங்க. நேத்து ஒரு பீரோ வந்துச்சு."

கடைசியில், தினமும் அலுவலகம் வர அனுமதி கேட்டு மேலாளர் ஸ்வாதிக்கு எழுதினாள். அனுமதி வந்தது, கூடவே ஒரு வரி: 'வீட்டில் ஏதாவது பிரச்சினையா மேடம்?'

வீட்டில், ஆபீஸ் கூப்பிடுகிறது என்று சொல்லிவைத்தாள். திருமழிசைத் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசராக இருக்கும் கணவர் ஞானசேகரன் பொங்கிவிட்டார்.

"இன்னா அநியாயமா கீது! நீ பஸ்ல இடிபட வேணாம். எனக்கு ரெண்டாம் ஷிப்டுதான, காலைல நானே வண்டில உட்டுட்டு வரேன்."

சந்துபொந்தெல்லாம் புகுந்து முக்கால் மணியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பவள் எங்கே எழுத?

மூன்றாம் நாள், இருபத்தாறாம் தேதி, போரூர் சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்திலேயே அவளுடைய பஸ். அவள் இடத்தில் யாரோ ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அனுசுயா வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"இன்னாச்சு?"

"என்ன யாரும் வரச் சொல்லலீங்க. நானாதான் கேட்டுக்கினு போறேன். கத எழுதணும். எனக்கு பஸ்லதான் வருது."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மூணு நாளா தூக்கத்த உட்டுட்டு ஓட்டிக்கினு கீறேன்." பச்சை விழுமுன்னே பின்னால் ஹார்ன்கள் அலறின. அவர் கண்டுகொள்ளவில்லை. "அந்தக் கதைல நான் வரேனா?"

"வரீங்க, வரீங்க. பச்ச போட்ருவான், கெளம்புங்க."

ஓடிப்போய் ஏறிய பஸ்ஸில் இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் தட்டினாளாம். எனக்கு வந்த பத்தியில் பாதி எழுத்துப்பிழை. அதுவரை குடித்துவிட்டு ரகளை செய்துகொண்டிருந்த கதைக் கணவன், அந்தப் பத்தியில் காரணமே இல்லாமல் திருந்தியிருந்தான். கதை முப்பதாம் தேதி அப்படியே போட்டிக்குப் போனது.

"ஏன்டி திடீர்னு திருந்துறான்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு கெளம்பச்சொல அவரு ஹெல்மெட்ட கயட்டி கையாட்டினாருடி," என்றாள்.